நாச்சிமுத்துவின் நாலு

"எனக்கு மட்டும் எதுக்குங்க்கா எப்பப் பாத்தாலும் பின்னாடி?"

நாச்சிமுத்து கேட்டேவிட்டார். பல நாளாக நெஞ்சுக்குள் கிடந்து புழுங்கிய கேள்வி.

பாக்கியக்கா நிமிரவில்லை. கறுப்பு எனாமல் டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"என்னங்ணா பின்னாடி?"

"பின் பிளேட்டுங்க்கா. முன் பிளேட்டு தேவசகாயத்துக்கு, பின் பிளேட்டு எனக்கு. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தியில உக்கார வெச்ச மாதிரி இருக்குதுங்."

அக்கா குச்சியை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு வைத்தார். 

பாக்கியக்காதான் நாச்சிமுத்துவுக்குக் குரு. குரு என்றதும் தாடியும் மரத்தடியும் யாருக்காவது கண்முன் வந்தால் அதை இப்போதே அழித்துவிடுவது நல்லது. இந்தக் குருவுக்கு எனாமல் கறை படிந்த நூல் சேலை, வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். முழுப்பெயர் சிவபாக்கியம். கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கிறவர்கள் எஞ்சினுக்கு ஒரு பட்டறை, சீட்டுக்கு ஒரு பட்டறை என்று அலைந்துவிட்டு, நம்பர் பிளேட்டுக்கு இவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

எந்த வருஷத்து வண்டியோ அந்த வருஷத்துப் பிளேட். தகட்டில் கறுப்பு எனாமல், அதன்மேல் வெள்ளையில் கையால் எழுதிய எண். சாலையில் ஓடும்போது வண்டிக்கு அரசாங்கத்துப் பிளேட். கண்காட்சியில் நிற்கும்போது பாக்கியக்காவின் பிளேட்.

நாச்சிமுத்து வயதில் அக்காவைவிட மூத்தவர். ஆனால் தொழில் கற்றது அக்காவிடம். அதனால் அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் பெரியவர் என்று தெரியாமல் இருவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிடுவார்கள்.

அந்தக் கடையில் எழுத்து என்ற சொல்லே கிடையாது. கை என்பார்கள். "இது யாரு கை?" என்று கேட்டால், இதை எழுதியது யார் என்று அர்த்தம். பல வருஷமாக அங்கே நின்றது நாச்சிமுத்துவின் கை. முன்னும் பின்னும் அவர்தான் எழுதினார். பிறகு தேவசகாயம் வந்தார்.

வந்தது மட்டுமா, ஒரு நாலையும் கொண்டுவந்தார்.

அந்த நாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். சாய்கோடு மேலிருந்து அவசரமே இல்லாமல் இறங்கும். குறுக்குக்கோடு போய் முடிகிற இடத்தில் ஒரு மயிரிழை மேலே தூக்கும். நேர்கோட்டின் அடி கொஞ்சம் அகன்று நிற்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்து, "யாருங்க இந்த நாலைப் போட்டது?" என்று கேட்பார்கள். நாச்சிமுத்து அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார்.

அவருக்கு அந்த நாலு மனப்பாடம். தேவசகாயம் எழுதும்போதெல்லாம், தின்னர் எடுக்கிற சாக்கில், துணி தேடுகிற சாக்கில், கடையின் மறுகோடியில் நின்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். வயிறு எரியும். எரிய எரியப் பார்ப்பார்.

தன் நாலு எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எழுதுகிறவன் தன் எழுத்தை மூக்கு உரசுகிற தூரத்தில்தான் பார்க்கிறான். எழுதி முடித்ததும் பிளேட் காயப் போகும், காய்ந்ததும் வண்டியோடு போய்விடும். தள்ளி நின்று பார்ப்பதெல்லாம் அடுத்தவன் எழுதியதைத்தான்.

இதில் இன்னொரு கொடுமை, தேவசகாயம் நல்ல மனிதர். "அண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்பார். "அண்ணா, வெயில்ல வந்திருக்கறீங்க, ஃபேனுக்கடியில உக்காருங்க" என்பார். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். நல்லவன்மேல் பொறாமைப்படுகிறவனுக்குத்தான் எங்கேயும் ஆறுதல் கிடையாது.

அத்தனை அண்ணாவுக்கும் நாச்சிமுத்து ஒரு தடவைகூட தம்பி என்று திருப்பிச் சொன்னதில்லை. "ம்" என்பார்.

இப்போது வந்திருப்பது ஒரு மில்காரரின் வண்டி. சிவப்பு நிறத்தில் இரண்டே சீட்டு, கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். அவருடைய தாத்தா வாங்கி ஓட்டியது. பஞ்சு குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்கள். கண்காட்சிக்குப் போகவேண்டும். எண் எம்டிசி 2474.

அந்தக் காலத்தில் பிளேட் எப்படி எழுதியிருந்தார்கள் என்று பார்க்க மில்காரர் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். காரின் முன்னால் தாத்தா கம்பீரமாக நிற்கிறார். அவருடைய வேட்டி பிளேட்டை முழுசாக மறைத்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப நம்ம கையிலயே நல்லா எழுதிருவோம்" என்றார் அக்கா. "ஆனா முன்னும் பின்னும் ஒரே கையா இருக்கோணும். அந்தக் காலத்துல ஒரே ஆளுதான் ரெண்டையும் எழுதியிருப்பாரு."

அப்படிச் சொன்னவர்தான் முன் பிளேட்டைத் தேவசகாயத்திடமும் பின் பிளேட்டை நாச்சிமுத்துவிடமும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்த கடைச் சாவியை எடுத்துக் காட்டினார்.

"திருப்பூர்ல இன்னொரு கடை போடறேன். அடுத்த மாசத்திலிருந்து நான் அங்கதான். இந்த வண்டியோட முன் பிளேட்டுல யாரு கை நிக்குதோ, அவங்க கையில இந்தச் சாவி."

நாச்சிமுத்து சாவியையே பார்த்தார். முன் பிளேட்டைத்தான் அவனிடம் கொடுத்தாயிற்றே. பிறகென்ன போட்டி? ஒரு ஆயுசை இந்தக் கடையில் போட்டுவிட்டு, நாளைக்கு அவன் திறக்கிற கடைக்கு இவர் வேலைக்கு வரவேண்டும். "அண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்று அவன் முதலாளியாகக் கேட்பான்.

அதனால்தான் அந்தக் கேள்வி.

அக்கா எழுந்து வந்தார். நாச்சிமுத்துவின் வலது கையைப் பிடித்தார். அதை மடக்கி, உள்ளங்கையை அவருடைய முகத்திலேயே ஒட்டினாற்போல் வைத்தார்.

"என்னங்ணா தெரியுது?"

"இருட்டுங்க்கா."

"போய் எழுதுங்க."

நாச்சிமுத்து போனார். அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் எழுதினார்கள். நாச்சிமுத்து ஒவ்வொரு எண்ணையும் வன்மத்தோடு எழுதினார். முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பது தூக்கிச் சாப்பிடவேண்டும் என்பது அவர் கணக்கு.

ஈரம் காய்வதற்குள் மில்காரர் வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ரெண்டுமே அருமையா இருக்குதுங்க்கா. ஆனா..."

"சொல்லுங்க."

"ரெண்டும் ஒரே வண்டிக்குத்தானுங்களா?"

அவர் போனதும் அக்கா தின்னரில் துணியை நனைத்தார். முன் பிளேட்டில் ஒரு இழுப்பு. பின் பிளேட்டில் ஒரு இழுப்பு. இரண்டு எம்டிசியும் வெள்ளைச் சேறாகி வழிந்தன. கறுப்பு மட்டும் மிஞ்சியது.

"நான் சூலூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போறேன். கடையைப் பூட்டறேன். ஆளுக்கொரு பிளேட்டை வீட்டுக்குக் கொண்டுபோங்க. திங்கக்கெழமை சாயங்காலம் வண்டி போகோணும். காலையில ஒரே கையா கொண்டுவாங்க."

"யாரு கையிங்க்கா?" என்றார் தேவசகாயம்.

"அதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க."

பேசுவதா! நாச்சிமுத்து பிளேட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை உதைத்தார்.

"அண்ணா, ஒரு நிமிசம் நில்லுங். அண்ணா..."

மொபெட் தெருமுனை தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவர் பிளேட்டைக் கட்டில்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தன் கையிலேயே எழுதிவிடலாம். ஆனால் அவன் முன் பிளேட்டில் தன் கையை மாற்றிக்கொள்வானா? எதற்கு மாற்றப்போகிறான், சாவி வரப்போகிறவன்? இவரும் மாற்றாவிட்டால் நாளைக்கு மறுபடி இரண்டு கை. மில்காரர் கோபித்துக்கொண்டு ஸ்டிக்கர் கடைக்குப் போய்விடுவார். அக்காவின் பெயர் கெடும்.

ஆகவே நாச்சிமுத்து தேவசகாயத்தின் நாலை எழுதுவது என்று முடிவு செய்தார்.

இதைப் பணிவு என்றோ விட்டுக்கொடுத்தல் என்றோ யாரும் நினைத்துவிட வேண்டாம். சுத்தமான பொறாமை. அந்த நாலை ஒரு தடவையாவது தன் கையால் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு எத்தனையோ நாளாக ஆசை. கௌரவம் தடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

முதலில் சாக்பீஸால் சிமெண்ட் தரையில் எழுதினார். பிறகு குளியலறைக் கதவில். பிறகு தண்ணீர்த் தொட்டியின் பக்கச் சுவரில். சாய்கோடு அவசரமில்லாமல் இறங்கவேண்டும். குறுக்குக்கோடு முடிகிற இடத்தில் மயிரிழை தூக்கவேண்டும். முதலில் கை அடம்பிடித்தது. பழைய பழக்கத்தில் தன் போக்கில் போனது. அவர் அதை அதட்டி அதட்டித் திருப்பினார்.

"வீடு பூரா நாலு நாலா இருக்குதே, என்னங்க இது?" என்றார் அவர் மனைவி மரகதம்.

"நாலுதான்."

"அது தெரியுது. சோறு ஆறிப்போகுது."

மத்தியானத்துக்கு மேல் கை பணிந்தது. தேவசகாயத்தின் நாலு அச்சு அசலாக வந்தது. நாச்சிமுத்து பிளேட்டில் எழுதி முடித்தார். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. இத்தனை அழகு அவனுக்குச் சும்மாவே வருகிறதே!

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் கடை வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு செய்தித்தாள் பொட்டலம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அக்கா இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு கடை முற்றத்தில் நின்ற காருக்குப் போனார். முன்னால் ஒன்றைத் திருகினார். பின்னால் ஒன்றைத் திருகினார்.

"நாச்சிமுத்தண்ணா, நீங்க போயி வாசல் கேட்டுப் பக்கத்துல நில்லுங்க. முன்பக்கம் பாத்த மாதிரி. தேவசகாயம், நீங்க அந்தக் கடைசிச் செவுத்துக்கிட்ட. பின்பக்கம் பாத்து. கிட்ட வரப்படாது."

இருவரும் போய் நின்றார்கள். நடுவில் சிவப்புக் கார்.

"தேவசகாயம், பின் பிளேட்டு எப்புடிங் இருக்குது?"

காருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணன் கையை அடிச்சுக்க ஆளே இல்லீங்க்கா. அந்த நாலைப் பாருங். நான் எந்தக் காலத்துல இப்புடி எழுதப்போறேன்."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறான். அது அவனுடைய நாலு என்று அவனுக்கா தெரியாது?

"நீங்க சொல்லுங்ணா. முன் பிளேட்டு எப்புடி?"

நாச்சிமுத்து பார்த்தார்.

காலை வெயில் எனாமலில் பட்டு மின்னியது. எம்டிசி 2474. அவருடைய கண் மற்ற எதிலும் நிற்காமல் நேரே நாலுக்குப் போனது. முதல் நாலு. கடைசி நாலு. அடிவயிற்றிலிருந்து ஒரு எரிச்சல் கிளம்பியது. இதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை என்று தோன்றியது. என்ன உறுதி! குறுக்குக்கோடு அரிவாளால் ஒரே போடாகப் போட்டதுபோல் முடிந்து நிற்கிறது. குழையவில்லை, யாரையும் பார்த்துப் பல்லிளிக்கவில்லை. ஒரே நாளில் அவன் தன் பழைய நாலையும் தாண்டிப் போய்விட்டான். நேற்று முழுக்கத் தரையிலும் கதவிலும் எழுதி இவர் எட்டிப்பிடித்த இடத்தை அவன் காலி செய்துவிட்டு வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறான்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாவியை அவருக்கே குடுத்துருங்க்கா."

"பிளேட்டு எப்புடின்னு கேட்டேன்."

"இந்த மாதிரி நாலு எனக்கு இந்த ஜென்மத்துல வராதுங்க்கா. போதுங்களா?"

தேவசகாயம் காரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். முன் பிளேட்டைப் பார்த்தார். நாச்சிமுத்துவைப் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று ஒரு கணம் அவர் முகம் சிறுத்தது.

"அண்ணா, அது உங்க நாலுங்."

"என்னங்?"

"உங்க நாலுங்ணா. எங்க தெருவுல ஒரு டிராக்டருக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, நேத்துப் பூரா அந்த டிராக்டருக்கு முன்னாடியே உக்காந்து பாத்துப் பாத்துப் போட்டனுங். நீங்களும் பேச நிக்கலை. மூத்தவரு கைதான் முன்னாடி நிக்கோணும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். உங்களுக்கு வந்த மாதிரி வரலீங், கோவிச்சுக்காதீங்."

நாச்சிமுத்து காரின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார்.

"அங்க இருக்கறதுதான் உங்க நாலு."

தேவசகாயம் திரும்ப ஓடினார். பின் பிளேட்டுக்கு எதிரே அப்படியே குந்திவிட்டார்.

பாக்கியக்கா ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். நாச்சிமுத்துவிடம் வந்து அவருடைய வலது கையைப் பிடித்தார். இந்தத் தடவை மடக்கவில்லை. தோளிலிருந்து நேராக, எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம், நீட்டிப் பிடித்தார்.

"இப்பத் தெரியுதுங்களாண்ணா?"

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். அதன் முனையில் அக்கா சாவியை வைத்து விரல்களை மூடினார்.

"முன் பிளேட்டுல நிக்கறது உங்க கை."

பிறகு உள்ளே போய் இன்னொரு தகட்டை எடுத்துவந்தார். புதிதாகக் கறுப்படித்து, காய்ந்து, தயாராக இருந்தது. எப்போது அடித்துவைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

"பின் பிளேட்டு. சாயங்காலம் வண்டி போகோணும். முன்னால இருக்கற கையிலயே எழுதுங்க."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். சாவியை மடியில் போட்டுக்கொண்டார். பிரஷை வெள்ளையில் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்தார்.

எம் வந்தது. டி வந்தது. சி வந்தது. இரண்டும் வந்தது.

நாலுக்கு வந்ததும் பிரஷ் நின்றது.

சாய்கோடு எங்கே தொடங்கும்? எங்கே திரும்பும்? குறுக்குக்கோடு முதலிலா, கடைசியிலா? காரின் முன் பிளேட்டை எட்டிப் பார்த்தார்; போட்டு முடித்த நாலு தெரிந்தது, போடுகிற வழி தெரியவில்லை. கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் தேவசகாயத்தின் நாலு மயிரிழை தூக்கிக்கொண்டு சிரித்தது. கண்ணைத் திறந்தார். நேற்று அதட்டி அதட்டி விரட்டிய கை திரும்பி வரவில்லை.

அக்காவைப் பார்த்தார். அக்கா எனாமல் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து எழுந்தார். பிரஷில் வெள்ளை சொட்டிவிடாமல் கீழே கையேந்திக்கொண்டு, காரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். தேவசகாயம் இன்னும் தன் நாலுக்கு எதிரே குந்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

பிரஷை அவரிடம் நீட்டினார்.

"தம்பி, என்னோட நாலு எப்புடிப் போடறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."